நெல் லாரி ஏறும்வரை

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி ஆண்டுதோறும் காலண்டர் போடும். போன வருடம் வரை முருகன் படம். இந்த வருடம் ஹைதராபாத் பாலாநகரில் கிளை திறந்திருப்பதால், நகரத்தைச் சுற்றியுள்ள குளிர்காலச் சாலைகளும் சின்ன ஊர்களும் படமாக வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். காலண்டரை அச்சிட்டுத் தரும் குமரேசன் எனக்குப் பழைய பழக்கம். மனிதர்கள் சிறியதாகத் தெரிய வேண்டும், கட்சிக் கொடி தெரியவே கூடாது, ஜனவரிப் பக்கத்துக்குப் பனி இல்லாமல் முடியாது என்றார். டிசம்பர் பிறந்துவிட்டது. மற்ற வேலையெல்லாம் முடிந்து, நான் அனுப்பப்போகும் படங்களுக்காக அச்சகம் காத்திருக்கிறது என்று குரல் செய்தி மேல் குரல் செய்தியாக வந்துகொண்டிருந்தது.

நான் ஒரு தமிழ் நாளிதழின் படப்பிரிவில் வேலை பார்த்து விலகியவள். காலண்டருக்குப் படம் எடுப்பது இதுதான் முதல் தடவை. நாளிதழில் ஏதாவது நடந்தால்தான் படம். காலண்டரில் எதுவும் நடந்துவிடக் கூடாது. அந்த வேறுபாடு என்னை முதல் நாளிலிருந்தே தொந்தரவு செய்தது.

சிகந்திராபாத் மாரெட்பள்ளியில் தங்கினேன். காலையில் தோசைக்கு வேர்க்கடலைச் சட்னி கொடுத்தார்கள். தேங்காய்ச் சட்னி கேட்டால் அதுவும் கொடுத்தார்கள், ஆனால் நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு. காரோட்டி தயாளன் வாசலில் காத்திருந்தார். அவருடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்தவர். தயாளன் சிகந்திராபாத்தை விட்டு எங்கும் வாழ்ந்ததில்லை. அவரோடு பேசுவது மூன்று மொழிகளின் சந்திப்பில் நின்று சிக்னல் பார்ப்பதுபோல.

"மேடம், பனி வேணுமா? ஊருக்குள்ள நக்கோ. மேடக் ரோட்டுல போனா ஏரிப் பக்கம் ஃபுல் பனி. டென்ஷன் எடுத்துக்காதீங்க" என்றார். 'நக்கோ' என்றால் வேண்டாம்.

முதல் நாள் பனி இல்லை. பளிச்சென்ற வெயில். ஆனால் சாலை நன்றாகவே தந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் பாறைகள்; அவற்றுக்கு முன்னால் மனை விற்பனைக்கான அலங்கார வளைவு, வளைவுக்கு உள்ளே வண்ணம் பூசிய கற்கள் மட்டும். மக்காச்சோளக் கொல்லையில் ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் போட்ட காவல் பொம்மை, பெட்ரோல் போடக் கிளம்பியவர் மாதிரி. பஞ்சு ஏற்றிப் போகும் வண்டிகள் உரசியதில் சாலையோர முள்மரங்கள் எல்லாம் பஞ்சு பூத்திருந்தன. அதை எடுத்துக் குமரேசனுக்கு அனுப்பினேன்.

"இதையே பனின்னு போட்டுடலாமா?" என்று பதில் வந்தது.

கூடாது என்றேன். பஞ்சு பஞ்சுதான்.

ஒன்று கவனித்தேன். காரை நிறுத்தி, கேமராவை வெளியே எடுத்தால் அக்கம்பக்கத்தில் ஒருவர் நம்மை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவார். கேள்வி ஒன்றுதான்: "பிளாட்டா? சர்வேயா?" ஹைதராபாத் நான்கு பக்கமும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கேமராவோடு வருகிறவர் ஒன்று நிலம் வாங்க வந்தவர், இல்லை நிலத்தை எடுக்க வந்தவர். எனக்குத் தெலுங்கு கேட்டால் புரியும். நான் பேசினால்தான் மற்றவர்களுக்குப் புரியாது. வேலூரில் பல வருடம் இருந்ததன் விளைவு. அதனால் பதில் சொல்லும் பொறுப்பைத் தயாளன் எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் ஓர் ஈச்சமரத் தோப்பில் கள் விற்றார்கள். எங்கள் ஊரில் கள் என்பது போலீஸ் செய்தி. இங்கே பலகை போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அவித்த கடலையும் வைத்து விற்கிறார்கள். படம் எடுத்ததும் விற்கிறவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தயாளன் அவர் காதில் ஏதோ சொன்னார். உடனே துண்டு இறங்கியது. எனக்கு நாற்காலி வந்தது. கடலைக்குக் காசு வாங்க மறுத்தார்கள்.

"என்ன சொன்னீங்க?"

"பிரஸ்னு சொன்னேன் மேடம்."

"நான் இப்போ பிரஸ் இல்லையே."

"ஹவ், ஆமா மேடம். ஆனா சும்மா கேமரான்னா சந்தேகம். பிரஸ்னா மரியாதை. நாலு வார்த்தை கம்மியாப் பேசலாம்."

காரின் முன்கண்ணாடிக்குக் கீழே 'பிரஸ்' என்ற அட்டை இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். ஏதோ ஒரு டிவிக்காரர்கள் மறந்துவிட்டுப் போனதாம். எடுத்து உள்ளே வையுங்கள் என்றேன். சரி என்றார். அன்று மாலை வானொலியில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். நாளை மேகம் வந்தால் பனி வராது. அந்தப் பயத்தில் இரவில் எழுந்து எழுந்து ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தேன். ஒரு காலண்டர் படத்துக்கா இவ்வளவு என்று என்னையே கேட்டுக்கொண்டும் மறுபடி எழுந்தேன்.

இரண்டாம் நாள் விடிவதற்குமுன் கிளம்பினோம். நகரத்தைத் தாண்டியதும் பனி இருந்தது. இருந்தது என்பது சின்ன வார்த்தை. முன்னால் போகும் பால் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் சாலையில் தனியாக மிதந்து போனது. தயாளன் பாட்டை நிறுத்திவிட்டார். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, சாலையோரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். எதிரே பைக்கில் வந்தவர்கள் சால்வையால் முகத்தைச் சுற்றியிருந்தார்கள். ஒருவர் விளக்கே போடவில்லை. நான் சீட்டின் விளிம்பைப் பிடித்திருந்தேன்.

பிரதான சாலையிலிருந்து ஓர் ஊர்ச்சாலைக்குத் திரும்பினோம். ஊரின் பெயரை எழுதவில்லை; ஏன் என்பது போகப் போகத் தெரியும். திரும்பிய சிறிது தூரத்தில் தயாளன் பிரேக்கை அழுத்தினார். முன் சக்கரத்துக்கு ஒரு கை தள்ளி, தலையளவு கல். அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பின்னால் கற்களின் வரிசையே பனிக்குள் போனது. கற்களுக்கு அந்தப் பக்கம் சாலையின் பாதியை அடைத்து மஞ்சளாக நெல்.

அறுவடை முடிந்ததும் இங்கே தார்ச்சாலைதான் களம். ஒரு பக்கத்தில் நெல்லைப் பரப்பி, வண்டி ஏறாமலிருக்கக் கல் வைத்துவிடுகிறார்கள். கொள்முதல் நிலையத்தை இவர்கள் சென்டர் என்கிறார்கள். அங்கே ஈரம் பார்க்கும் சின்ன மிஷினில் நெல்லைப் போட்டு, அனுமதித்த அளவுக்குக் கீழே வந்தால்தான் எடை போடுவார்கள். நம் டெல்டாவிலும் இதே கதைதான். நனைந்து முளைவிட்ட நெல்லை ஒரு விவசாயி கையில் ஏந்தி நிற்கும் படம் வருடம் தவறாமல் என் மேசைக்கு வரும். 'ஈரப்பதம்' என்ற சொல்லை நான் எத்தனை படக்குறிப்புகளில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை.

இறங்கி எடுத்தேன். பனிக்குள் மறையும் சாலை, அதன் பாதி பொன், பாதி கறுப்பு. தூரத்தில், மனிதர் சிறியதாக, ஒரு பெண். புடவைக்குமேல் ஆண்கள் அணியும் ஸ்வெட்டர், தலையில் இறுகக் கட்டிய துண்டு. நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தாள். அப்படிக் காலால் உழுதால்தான் அடியிலிருக்கும் நெல் மேலே வரும். கொடி இல்லை. பனி இருந்தது. ஜனவரிப் பக்கம் கிடைத்துவிட்டது.

அவள் என்னை நோக்கி வந்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கார்ப் பக்கம் போய், முன்கண்ணாடியைப் பார்த்தாள். அட்டை அங்கேயேதான் இருந்தது.

"பேப்பரா?" என்று தயாளனிடம் கேட்டாள்.

தயாளன் பெருமையாகத் தலையாட்டினார். "ஹவ். மெட்ராஸ் பெரிய பேப்பர்."

அவள் திறந்திருந்த ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியை உருவி, புடவை முந்தானையில் முடிந்துகொண்டாள். எல்லாம் நிதானமாக, கடையில் மிச்சக் காசு வாங்கி முடிவதுபோல. பிறகு பனியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பனிக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள்.

அவள் பெயர் லச்சவ்வா. நாற்பதைத் தாண்டியிருக்கும். கணவர் ஹைதராபாத் அமீர்பேட்டில் ஒரு ஹாஸ்டலில் காவலாளி. அவள் சொன்னதைத் தயாளன் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. போன குளிர்காலத்தில் பக்கத்து ஊரில் பைக்கில் வந்த ஒருவன் பனியில் கல்லில் மோதி விழுந்தான். கால் போயிற்று. மறுநாள் பேப்பரில் சாலையில் காயும் நெல்லின் படம் வந்தது. அன்று மத்தியானமே போலீஸ்காரர்கள் வந்து, அந்த ஊர் நெல்லையெல்லாம் ஓரத்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள்.

"அக்கா, உன் படம் இன்னைக்குப் போனா, நாளைக்கு என் நெல்லு பள்ளத்துல" என்றாள். தெலங்கானாவில் யாரையும் 'நீ' என்பார்கள். அதில் மரியாதைக் குறைவு இல்லை. "உன்மேல எனக்குக் கோபம் இல்ல. நெல்லு லாரி ஏறுற வரைக்கும் நீ இங்கயே இரு. அப்புறம் எங்க வேணும்னாலும் போட்டுக்கோ."

"படத்தை அழிச்சிடறேன்" என்றேன்.

"அழிச்சாலும் வரவைக்கலாம்னு என் பொண்ணு சொல்வா."

தயாளன் தமிழில் தணிந்த குரலில், "மேடம், சாரி மேடம்" என்றார். அட்டையை எடுத்துச் சீட்டுக்கு அடியில் தள்ளினார். நான் அவரிடம் உண்மையைச் சொல்லச் சொன்னேன்: பேப்பர் இல்லை, காலண்டர். அவர் சொன்னார். கூட்டத்தில் ஒரு கிழவர் சிரித்தார். "போலீஸ் வந்தா பேப்பர்ம்பாங்க, நாம பிடிச்சா காலண்டர்ம்பாங்க."

சாலையோரத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டார்கள். அதில் உட்கார்ந்தேன். இப்படியாக நான் ஒரு நெல்லுக்குப் பிணையானேன்.

பனி விலகியது. ஆனால் வெயில் வரவில்லை. வானம் அலுமினியத் தட்டு மாதிரி இருந்தது. குமரேசன் அழைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சார்ஜ் குறைந்து போனை அணைத்துவிட்டேன். வருகிற போகிற பெண்களெல்லாம் கேமராவைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். கள் தோப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். காவல் பொம்மை யாருடையது என்று அடையாளம் சொன்னார்கள். பஞ்சுப் படத்தில், "பாவம், இவ்வளவு பஞ்சு வீணாப் போச்சே" என்றாள் ஒருத்தி. சாலை நெல்லின் படம் வந்ததும் லச்சவ்வாவைக் கூப்பிட்டார்கள். அவள் நெடுநேரம் பார்த்தாள். "இது நானா? எறும்பு மாதிரி இருக்கேன்" என்றாள்.

சென்டர் இருந்தது சாலைக்கு எதிர்ப்புறத் திடலில்தான். அங்கிருந்து பொறுப்பாளர், ஜாக்கெட் போட்ட ஓர் இளைஞர், மிஷினோடு வந்தார். லச்சவ்வா நெல்லை அள்ளிக் கொடுத்த கையை அப்படியே நீட்டி வைத்திருந்தாள். அவர் மிஷினைப் பார்த்தார். "மேச்சர் வரல, கொஞ்சம்தான். சாயங்காலம் பார்க்கலாம்." ஈரம் சரியான அளவுக்கு இறங்குவதை 'மேச்சர் வருவது' என்கிறார்கள்.

"சாயங்காலம் மழை வந்தா?"

"மழையை நானா கொண்டு வரேன், அக்கா?" என்று அடுத்த நெல்லுக்குப் போனார்.

லச்சவ்வா எனக்குச் சோளரொட்டி கொடுத்தாள். கூடவே அடுப்பில் ஏற்றாத புளிரசம். வெங்காயமும் பச்சைமிளகாயும் கையாலேயே நசுக்கிப் போட்டது. ரொட்டி தடிமன், விறகு வாசனை. நான் சாப்பிடுவதை அவள் பார்க்கவில்லை, தெற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். அந்தப் பக்கம் வானம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து வந்தது. நேற்று மேகம் வரக் கூடாதென்று நான் பயந்தது படத்துக்காக. படம் கிடைத்துவிட்டது. ஆனாலும் பயம் போகவில்லை. அது எப்போது இந்த நெல்லுக்கான பயமாக மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காற்று எழுந்தது. காற்று நெல்லுக்கு நல்லது, மேகத்தைக் கூட்டி வந்தால் கெட்டது என்றார் அந்தக் கிழவர். லச்சவ்வா எழுந்து நெல்லுக்குள் இறங்கினாள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். மேல் நெல் உலர்ந்து காலைக் கீறியது. அடி நெல் குளிர்ந்திருந்தது. படக்குறிப்பில் எழுதிய அந்தச் சொல் உள்ளங்காலில் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தயாளனும் பேன்ட்டை மடித்துக்கொண்டு வந்தார்.

"இழுத்து நட அண்ணா. கல்யாண ஊர்வலம் போறியா?" என்று ஒருத்தி கத்தினாள்.

மறுபடி மிஷின் வந்தபோது எல்லோரும் சுற்றி நின்றார்கள். பொறுப்பாளர் பார்த்தார். கையை உயர்த்திக் காட்டினார். மேச்சர் வந்துவிட்டது.

அதன்பிறகு எல்லாம் ஓட்டம். கூட்டினார்கள், சாக்கில் அள்ளினார்கள், எடை போட்டார்கள், ஹமாலிகள் என்கிற சுமைக்காரர்கள் சாக்கின் வாயைத் தைத்துத் திடலில் அடுக்கினார்கள். தார்ச்சாலை பழையபடி சாலையாயிற்று. எடுத்த கற்களை ஓரமாக உருட்டிவிட்டோம். அப்போது பொறுப்பாளர், "லாரி இன்னைக்கு வராது. நாளைக்கோ மறுநாளோ" என்றார்.

லச்சவ்வா அசையாமல் நின்றாள். எடை போட்டாயிற்று, ஆனால் லாரி ஏறி மில்லுக்குப் போகும்வரை அது அவள் நெல்தான். திடலில் கூரை இல்லை. மூட்டை நனைந்தால் மில்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள். மூன்று பேரின் நெல்லை மூடுவதற்கு இரண்டே தார்ப்பாய். முதல் துளி என் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. மழையா, இலையிலிருந்து சொட்டியதா என்று எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

அவள் என்னிடம் வந்து, பொறுப்பாளருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"அக்கா, இப்ப எடு! மூட்டைய எடு, மேகத்த எடு, இவன் மூஞ்சிய எடு. பேப்பர்ல போடு. பெரிசாப் போடு!"

காலையில் எந்தப் படத்துக்குப் பயந்து என்னைப் பிடித்து வைத்தாளோ, அந்தப் படத்தைக் கேட்டாள். நான் கேமராவைத் தூக்கினேன். திரை கறுப்பாக இருந்தது. நாள் முழுக்க ஊருக்கே படம் காட்டியதில் பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றுப் பேட்டரி ஏற்கெனவே காலியாகிப் பையில் கிடந்தது.

நான் கேமராவை இறக்கவில்லை. இல்லாத படத்தை எடுப்பதாகக் காட்டுவது என் தொழிலில் மிகக் கேவலமான காரியம். ஒரு கண்ணை மூடி, லென்ஸை முன்னும் பின்னும் திருகினேன். மூட்டைகளை, மேகத்தை, பிறகு பொறுப்பாளரை. அவர் ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டார்.

"மேடம் எந்தப் பேப்பர்?"

தயாளன் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். அந்த மௌனம் எந்த அட்டையையும்விட நன்றாக வேலை செய்தது. பொறுப்பாளர் சற்றுத் தள்ளிப் போய் போன் செய்தார். "பிரஸ்வாளு உன்னாரு" என்று மட்டும் காதில் விழுந்தது, அதாவது பத்திரிகைக்காரர்கள் வந்திருக்கிறார்கள். பேசி முடித்துத் திரும்பி, வேறொரு சென்டருக்குக் கிளம்பிய வண்டி இங்கே வருகிறது என்றார்.

எந்த ஊர் சென்டர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், செய்தியில் முதலில் கேட்பது அதைத்தான். அந்த ஊரிலும் ஒருத்தி தெற்கே பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.

இருட்டத் தொடங்கும்போது லாரி வந்தது. ஹமாலிகள் ஏற்ற ஏற்ற, தூறல் பிடித்தது. ஒரு தார்ப்பாயின் ஒரு முனையை நான் தூக்கிப் பிடித்திருந்தேன், மறுமுனையைத் தயாளன். கடைசி மூட்டை ஏறியதும் அதே தார்ப்பாயை லாரிமேல் இழுத்துக் கட்டினார்கள். பின்விளக்கு வளைவில் மறையும்வரை லச்சவ்வா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைத் தயாளன் கையில் வைத்தாள்.

"இப்ப அனுப்பிக்கோ அக்கா. காலையில எடுத்தத."

அறைக்குப் போய் அனுப்பினால் அச்சகம் காத்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அதைவிட வேறொன்று உறுத்தியது. அவளிடம் இதை மட்டும் என் வாயால், என் தெலுங்கிலேயே சொல்லிவிட நினைத்தேன். நான் பேப்பர்காரி இல்லை, கேமராவில் சார்ஜும் இல்லை, எதையும் எடுக்கவில்லை என்றேன். எப்படியோ புரிந்துகொண்டாள்.

"மத்தியானமே தெரியும்" என்றாள் லச்சவ்வா. "பேப்பர்காரங்க யாராவது இவ்வளவு நேரம் ஒரே எடத்துல உட்காருவாங்களா?"